பாவா ஆதம் மலையிலிருந்து நாகலகம் வீதி வரை

(மாளிகாவத்தையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இலங்கைத் தீவின் பௌதிகப் புவியியலும் சுற்றாடலும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரிசை உண்டு. அமைவிடம், பரப்பு, தரைத்தோற்றம், காலநிலை, மண், இயற்கைத் தாவரம் என்று அது போகும். பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர், அதிகூடிய உயரம் பிதுருதலாகலையில் 2,524 மீற்றர் என்று இங்கே இருக்கும் பிள்ளைகள் ஒப்புவித்துவிடுவார்கள். அந்த வரிசையில் நான் போகப்போவதில்லை. ஒரே ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு தீவைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அது களனி கங்கை. மாளிகாவத்தையில் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் ஏறுகிறதென்றால் அதற்கான காரணத்தில் ஒரு பகுதி இந்த நிலத்தில் இருக்கிறது, மறுபகுதி அந்த ஆறு பிறக்கும் மலையில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காத சுற்றாடல் பேச்சால் இந்த நகரத்துக்குப் பயனில்லை என்பதே என் கட்சி.

இப்படிப் பார்ப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த பற்றிக் கெடிஸ் என்ற அறிஞர் 1921 இல் கொழும்பு நகருக்கு ஒரு திட்டம் வகுத்தார். கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகராக்க வேண்டும் என்ற பேச்சு அவர் திட்டத்தோடு சேர்த்தே இன்றும் நினைக்கப்படுகிறது. ஆனால் கெடிஸ் அதற்கு முன்பே சொல்லிவந்த ஒரு கருத்து பூங்காவை விடப் பெரியது. மலையுச்சியில் தொடங்கிக் கடலில் முடியும் ஆற்றுப் பள்ளத்தாக்கை நெடுக்காக வெட்டிப் பார். மேலே காட்டு வேலை, நடுவே தோட்டமும் வயலும், அடியில் துறைமுகமும் நகரமும் இருக்கும். அடியில் உள்ள நகரத்தை மேலே உள்ள மலையிலிருந்து பிரித்து விளங்கிக்கொள்ள முடியாது என்றார். இந்திய நகரங்களில் குளங்களைத் தூர்க்க வேண்டாம் என்று வாதாடியவரும் அவரே. கொழும்பு அவருடைய பூங்காவை எடுத்துக்கொண்டது. பள்ளத்தாக்கை விட்டுவிட்டது. விட்டதை இன்று எடுத்துப் பார்ப்போம்.

தீவு எப்படி உண்டானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆற்றுக்கு வருகிறேன். நமக்கு அயலில் இருக்கும் மாலைதீவு முருகைக்கல்லால் ஆனது. அங்கே இயற்கையான நிலத்தின் அதிகூடிய உயரம் இரண்டரை மீற்றரைக்கூட எட்டாது. இலங்கை அப்படிப்பட்ட தீவு அன்று. இது ஒரு பழைய கண்டத்தின் துண்டு. இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாவற்றோடும் ஒருகாலத்தில் ஒட்டிக் கிடந்த நிலம். இதன் பத்தில் ஒன்பது பங்குக்கு அடியில் இருப்பவை மிகப் பழைய பளிங்குருப் பாறைகள். யாழ்ப்பாணத்திலிருந்து வடமேற்குக் கரையோரமாகக் கிடக்கும் சுண்ணாம்புக்கல் மட்டும் வயதில் மிகவும் இளையது. பனியுகத்தில் உலகக் கடல்மட்டம் இன்றையதிலும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தபோது பாக்கு நீரிணை தரையாக இருந்தது. இங்கிருந்து இராமேஸ்வரத்துக்கு நடந்தே போயிருக்கலாம்.

கனடாவைச் சேர்ந்த புவிச்சரிதவியலாளர் பிராங்க் டோசன் ஆடம்ஸ் 1929 இல் இந்தத் தீவின் தரைத்தோற்றத்தை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டினார். கரையோரத் தாழ்நிலம், அதற்குமேல் ஓர் இடைத்தட்டு, நடுவே உயர்ந்த மலைநாடு. பின்னர் புவிச்சரிதவியலாளர் டி. என். வாடியா இந்தப் படிகள் எப்படி எழுந்தன என்பதற்கு வேறு விளக்கம் தந்தார். அந்த விவாதம் இன்றைய நம் காரியத்துக்குத் தேவையில்லை. தேவையானது ஒன்றுதான்: மலை தீவின் நடுவில் இருக்கிறது, சரிவு செங்குத்தாக இருக்கிறது, கடல் கிட்டத்தில் இருக்கிறது. ஆகவே நூற்றுக்கு மேற்பட்ட ஆறுகள் எல்லாத் திசைகளிலும் குறுகிய தூரம் ஓடிக் கடலில் விழுகின்றன. கங்கையிலும் காவிரியிலும் வெள்ளம் வருவதற்கு முன் நாட்கணக்கில் தவணை கிடைக்கும். நமக்குக் கிடைப்பது மணிக்கணக்குத்தான்.

களனி 145 கிலோமீற்றர் நீளமானது. அதன் வடிநிலம் ஏறத்தாழ 2,300 சதுர கிலோமீற்றர். அதன் தாய்க் கிளைகள் இரண்டு. கெஹெல்கமு ஓயா ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து உயர்நிலத்திலிருந்து வருகிறது. மஸ்கெலி ஓயா 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாத மலையின் காட்டிலிருந்து வருகிறது. பௌத்தர்களுக்கு அது ஸ்ரீ பாதம், முஸ்லிம்களான நமக்குப் பாவா ஆதம் மலை. 1344 இல் இபுனு பதூதா அந்த மலையில் ஏறினார். அதே பயணத்தில் கொழும்பையும் கண்டு அது தீவின் சிறந்த பெரிய நகரங்களில் ஒன்று என்று எழுதிவைத்தார். அவர் ஏறிய மலையின் தண்ணீர்தான் கிராண்ட்பாஸுக்குப் பின்புறமாக ஓடிக் கடலுக்குப் போகிறது. இந்தப் பகுதியிலிருந்து பருவகாலத்தில் மலை ஏறப்போகும் எத்தனையோ பேர் தம் வீட்டுக் குழாய்த் தண்ணீரின் பிறப்பிடத்தையே பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இனி மழை. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள நம் மீனவர்களும் கமக்காரர்களும் காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள். வாடை என்றால் வடகிழக்கு, சோழகம் என்றால் தென்மேற்கு, கொண்டல் கிழக்கிலிருந்து வருவது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மறுபுறம் இறங்கி மட்டக்களப்புப் பக்கம் நெருப்பாய் வீசும் காற்றுக்குக் கச்சான் என்று பெயர். ஒரே காற்றுத்தான். ஏறும் பக்கம் வெள்ளம், இறங்கும் பக்கம் வறட்சி. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் முதல் செப்டெம்பர் வரை. அது முதலில் மோதும் சுவர் களனியின் தலைப்பகுதி. வட்டவளை, கினிகத்தேனை, நோர்ட்டன்பிரிட்ஜ் பக்கங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும் 1,000 மில்லிமீற்றர் தேறுவதே அரிது. இவ்வளவு சிறிய தீவுக்குள் இவ்வளவு பெரிய வேறுபாடு. ஒக்டோபர், நவம்பரில் வரும் இடைப்பருவ மழை மட்டும் எந்தச் சரிவையும் பாராமல் எங்கும் கொட்டும். தாழமுக்கங்களும் சூறாவளிகளும் வங்காள விரிகுடாவில் பிறப்பது பெரும்பாலும் அந்தக் காலத்தை ஒட்டித்தான்.

அந்த மழையைத் தாங்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு மலையில் காடு இருந்தது. முகிற்காடு என்கிறோமே, மரம் முழுதும் பாசி படர்ந்து, மழை இல்லாத நாளிலும் மேகத்திலிருந்து நீரைப் பிழியும் காடு. 1830களிலிருந்து கோப்பிக்காக அது வெட்டப்பட்டது. 1869 இல் இலைத்துரு நோய் கோப்பியில் பிடித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. லண்டனில் கியூ பூங்காவின் தலைவராக இருந்த ஹூக்கர் 1873 இல் 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டை இனி வெட்ட வேண்டாம் என்று ஆலோசனை சொன்னார். அந்த ஆலோசனை ஏற்கப்பட்டதால்தான் இன்று களனிக்கும் மகாவலிக்கும் வளவைக்கும் தலையில் கொஞ்சமேனும் காடு மிஞ்சி நிற்கிறது. 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது அந்த மிச்சம்தான். 5,000 அடிக்குக் கீழே போனது போனதுதான்.

அந்தச் சரிவில் தேயிலையை நட்டவர்கள், இன்றும் கொழுந்து பறிப்பவர்கள், நம் மொழி பேசும் மலையக மக்கள். அவர்களுக்குக் கட்டிக்கொடுத்த லயன் வீடுகள் எங்கே நிற்கின்றன என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் தேயிலைக்கு ஆகாத நிலத்தில், ஓடைக் கரையில், வெட்டிய மேட்டின் அடியில். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. 2016 மே மாதம் அரநாயக்கவில் ஒரு மலையே சரிந்து கிராமங்களை மூடியது. அதே மழையில்தான் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தன. 2025 நவம்பர் 28 இல் டித்வா சூறாவளி கிழக்குக் கரையில் ஏறியது. 25 மாவட்டங்களும் பாதிக்கப்பட்டன, 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவே பெரும்பாலானோரைக் கொண்டுபோனது. கொழும்பில் மழை ஓய்ந்த பிறகும் களனி உயர்ந்துகொண்டே இருந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். மலையில் மண் சரிந்ததும் இங்கே ஆறு ஏறியதும் இரண்டு செய்திகளாகப் பத்திரிகையில் வந்தன. அவை ஒரே செய்தி.

மலையிலிருந்து இறங்கும் வேகத்தை மின்சாரமாக்கலாம் என்று 1918 இலேயே எடுத்துச் சொன்னவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. லக்சபான 1950 இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வந்தன. மவுசாகலையில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது கோயிலின் இடிபாடுகள் இன்றும் தலைகாட்டுகின்றன. இந்த நீர்த்தேக்கங்கள் இருக்கும்போது வெள்ளம் ஏன் வருகிறது என்று சிலர் கேட்பார்கள். அவை மின்சாரத்துக்காகக் கட்டியவை, வடிநிலத்தின் மேல்நுனியில் மட்டும் இருப்பவை. அவற்றுக்குக் கீழே எட்டியாந்தோட்டை, அவிசாவளை, சீதாவக்கைப் பக்கங்களில் பெய்யும் பெருமழையை மறிக்கப் பெரிய அணை எதுவும் இல்லை. அது நேரே நம்மிடம் வருகிறது.

அவிசாவளைக்குக் கீழே நிலம் தட்டையாகிறது. அங்கே ஆற்றுக்கு வேறு வகையான துன்பம். கட்டடங்களுக்காகப் பல பத்தாண்டுகளாக மணல் அள்ளியதில் ஆற்றின் அடி தாழ்ந்து, கீழ்ப்பகுதி கடல்மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. மழை குறைந்த மாதங்களில் கடலின் உப்பு ஆற்றுக்குள் ஏறி, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலை வரை வந்து எட்டிப் பார்த்திருக்கிறது. 1880களில் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் போட்டு மாளிகாகந்தை நீர்த்தாங்கிக்குத் தண்ணீர் கொண்டுவந்த நகரம், இன்று களனியையே பெரிதும் நம்பியிருக்கிறது. மணல் போனதால் கரைக்கும் கேடு. ஆறு கொண்டுவந்து கொட்டும் மணலைத்தான் கடலின் ஓட்டம் வடக்கே நகர்த்தி நீர்கொழும்பு வரை கடற்கரையாக விரித்துவந்தது. மணல் வரவு குறைந்தது, கரை கரைகிறது. மலைக் கல்லை மணலாக்க ஆற்றுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். நாம் அதை ஒரு தலைமுறையில் லொறியில் ஏற்றிவிட்டோம்.

இப்போது கொழும்புக்கு வந்துவிட்டோம். இந்த நகரத்தின் தரை எப்படிக் கிடக்கிறது என்பதை விளங்கினால்தான் மற்ற எல்லாம் விளங்கும். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மாளிகாகந்தை எல்லாம் கபுக்கல் மேடுகள். கடலோரம் ஒரு மேட்டு வரிசை. கிழக்கே போகப்போக மறுபடியும் மேடுகள். இடையில் கிடப்பது பள்ளம். சேர்ந்திருந்து உண்ணும் சஹன் தட்டின் விளிம்பு உயர்ந்து நடு தாழ்ந்திருக்கிறதல்லவா, அப்படி. விளிம்பில் கோட்டையும் கோயில்களும் பணக்கார வீடுகளும் முதலில் எழுந்தன. நடுப்பள்ளத்தில் நீரும் நாணலும் கண்டலும் வயலும் இருந்தன. மாளிகாவத்தை, தெமட்டகொடை, வனாத்தமுல்லை, கொலன்னாவை எல்லாம் அந்தப் பள்ளத்திலும் அதன் ஓரத்திலும் அமைந்தவை. அடியில் இருப்பது அழுகி முடியாத தாவரங்கள் செறிந்த கறுப்பு மண். நீர் இருக்கும்வரை அது கடற்பஞ்சு மாதிரி நிற்கும். நீரை வடித்துவிட்டு மேலே பாரம் ஏற்றினால் அமிழும். புதிதாகக் கட்டிய மதில் பிளப்பதும் பாதை ஆண்டுக்காண்டு தாழ்வதும் இதனால்தான்.

போர்த்துக்கேயர் ஓர் ஓடையை மறித்துக் கோட்டைக்குக் காவலாக ஏரி ஒன்றை உண்டாக்கினார்கள். அதுதான் பேரே வாவி. அது இப்போது 65 ஹெக்டேயர் அளவில் இருக்கிறது. ஒருகாலத்தில் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக விரிந்திருந்தது. ஒல்லாந்தர் கால்வாய் வெட்டினார்கள். சென் செபஸ்தியன் கால்வாய் பேரே வாவியையும் களனியையும் இணைத்தது. அதில் வள்ளங்களும் பாதைப்படகுகளும் சரக்கு ஏற்றிப் போயின. இன்று அதே கால்வாயும் தெமட்டகொடைக் கால்வாயும் இந்தப் பகுதியின் மழைநீரைச் சுமக்கின்றன. கொழும்புப் பள்ளத்தின் தண்ணீருக்கு வெளியேற வழிகள் சிலவே. முகத்துவாரத்தில் மலைக்கு அடியால் குடைந்த சுரங்கம், தெற்கே வெள்ளவத்தைக் கால்வாய், தெஹிவளைக் கால்வாய், வடக்கே களனிக்குத் திறக்கும் வாயில். வெள்ளவத்தையில் காலி வீதியில் பாலத்தைக் கடக்கும் நம் மக்கள், அந்தக் கால்வாயில் ஓடுவது பாராளுமன்றப் பக்கத்துத் தியவன்னா ஓயாவின் தண்ணீரும்தான் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

நாகலகம் வீதியில் ஒரு நீர்மட்ட அளவுகோல் இருக்கிறது. களனியின் உயரம் இன்றும் அங்கே அடிக்கணக்கில்தான் வாசிக்கப்படுகிறது. 5 அடியில் சிறுவெள்ளம், 7 அடியில் பெருவெள்ளம், 9 அடியில் ஆபத்து. 1947 ஓகஸ்டில் அது 12 அடியைக் கடந்தது. 1989 ஜூனில் 9 அடியைத் தாண்டியது. ஆறு உயரும்போது வடக்கு வாயிலை மூடிவிடுவார்கள், ஆற்று நீர் நகருக்குள் வராமல் இருக்க. மூடியதும் வேறொரு சிக்கல் தொடங்குகிறது. நகருக்குள் பெய்யும் மழை எங்கே போகும்? கடலும் பெருக்கில் இருந்தால் மேற்கே உள்ள வழிகளும் மெதுவாகத்தான் இழுக்கும். வாயில் திறக்கும்வரை அந்தத் தண்ணீர் எங்கேயாவது காத்திருக்க வேண்டும். அது காத்திருக்கும் இடத்துக்குத்தான் சதுப்பு நிலம் என்று பெயர்.

கொழும்பில் இரண்டு வகை வெள்ளம் உண்டு. ஆறு கொண்டுவரும் வெள்ளம் ஒன்று. 1947, 1989, 2016, 2025 அந்த வகை. ஆறு சும்மா இருக்க, வானம் நேரே நகரத்தின் மேல் கொட்டுவது மற்றது. 1992 ஜூன் 4 இல் கொழும்பில் 24 மணித்தியாலத்தில் 490 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது. 2010 நவம்பர் 10 இரவு 400 மில்லிமீற்றருக்கு மேல் பெய்து பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. முதல் வகைக்கு மலையில் மருந்து தேட வேண்டும். இரண்டாம் வகைக்கு மருந்து முழுக்க முழுக்க இந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் வந்தால் இந்த நகரத்துக்கு என்ன ஆகும் என்பதை நினைத்துத்தான் நான் இவ்வளவு வற்புறுத்திப் பேசுகிறேன்.

அந்தப் பள்ளத்துக்கு நாம் என்ன செய்தோம்? 1968 இல் கொழும்பு மாவட்டத் தாழ்நிலங்களை மீட்டு அபிவிருத்தி செய்வதற்கென்றே சட்டம் இயற்றிச் சபை ஒன்று அமைத்தோம். அந்தக் காலத்தின் எண்ணம் அது. சதுப்பு என்றால் வீண் நிலம், நிரப்பினால்தான் பயன் என்று உலகம் முழுவதும் நினைத்தார்கள். 1986 பெப்ரவரியில் இங்கே திறந்த கெத்தாராம விளையாட்டரங்கு சதுப்பை நிரப்பி எழுந்ததுதான். வீடமைப்புத் திட்டங்களும் களஞ்சியங்களும் பெருந்தெருக்களும் அப்படியே வந்தன. மக்களுக்கு வீடு வேண்டும், பிள்ளைகளுக்கு மைதானம் வேண்டும். அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நிரப்பிய ஒவ்வோர் ஏக்கரும் தண்ணீர் காத்திருந்த இடம். அந்தத் தண்ணீர் இப்போது பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்குள் காத்திருக்கிறது.

உலர்வலயத்தில் நம் முன்னோர் என்ன செய்தார்கள்? அங்கே இயற்கை நீரைத் தேக்கிவைக்கவில்லை. ஆகவே ஆயிரக்கணக்கில் குளம் கட்டினார்கள். மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தின் அலைகரையைத் தூர்த்து வீடு கட்ட ஒருவன் வந்தால் ஊரே திரண்டு மறிக்கும். ஈரவலயமான கொழும்பில் குளத்தைக் கட்டும் வேலையை இயற்கையே செய்துவைத்தது, ஒரு சதம் வாங்காமல். கட்டுக்கரைக்குக் கொடுக்கும் மரியாதையைக் கொலன்னாவைச் சதுப்புக்கு நாம் கொடுக்கவில்லை. அணைக்கட்டும் மதகும் இல்லாததால் அது நமக்குக் குளமாகத் தெரியவில்லை.

நிரப்பியதோடு நின்றதா? குப்பையும் கொட்டினோம். கொட்டாஞ்சேனைக்கு அருகே புளுமெண்டலில் ஒரு மலை எழுந்தது. அதை நிறுத்தியதும் மீதொட்டமுல்லையில் வேறொரு மலை எழுந்தது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். மென்மையான சதுப்பு மண்ணின் மேல் குவித்த அந்தக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடி 32 பேரைக் கொன்றது. இங்கிருந்து அது நடந்துபோகும் தூரம். பாறையும் மண்ணும் நீரும் மனிதருக்குச் சொன்ன பாடத்தை மனிதர் கேட்காததால் நடந்த சாவு என்று மட்டும் சொல்லி என்னால் கடந்துபோக முடியாது. அங்கே இருந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், முறையிட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. இது கொழும்புக்கு மட்டும் உரிய கதையுமல்ல. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பும் பெருங்குடிக் குப்பைக்கும் கட்டடங்களுக்கும் பலியாகிப் பழைய பரப்பில் சிறு பங்காகச் சுருங்கியது. 2015 டிசம்பரில் தென்சென்னை அதற்கு விலை கொடுத்தது.

வெள்ளம் வரும்போதெல்லாம் ஒரு குரல் எழும்: கால்வாய் ஓரத்தில் குடியிருப்பவர்கள்தான் காரணம், அவர்களை எழுப்புங்கள் என்று. இதை நான் ஏற்கவில்லை. கால்வாய்க் கரையில் குடிசை போட்டவன் மேட்டில் காணி வாங்க முடியாதவன். துறைமுகத்திலும் சந்தையிலும் புகையிரத வேலைத்தளத்திலும் உழைக்க இந்த நகரம் அவனைக் கூப்பிட்டது. இருக்க இடம் கொடுக்கவில்லை. குடிசைகளின் பரப்பையும், அனுமதியோடும் அனுமதி இல்லாமலும் நிரப்பிக் கட்டிய பெரிய கட்டடங்களின் பரப்பையும் வரைபடத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். மாடிவீடுகளுக்கு மாற்றப்பட்டவர்களையும் மறக்கக் கூடாது. வெள்ளத்துக்கு மேலே போனார்கள். மின்தூக்கி நின்றால் வயதான தாய் பத்தாம் மாடியில் சிறைப்பட்டிருக்கிறாள், ஜனாஸாவைக் கீழே இறக்குவதற்கே பாடுபட வேண்டியிருக்கிறது. நீரின் பாதையை மதிப்பது என்றால் ஏழையை அகற்றுவது என்று பொருள் கொள்ளும் திட்டம் எனக்கு உடன்பாடில்லை.

நுளம்பு பற்றியும் கேட்பீர்கள். சதுப்பு இருந்தால் டெங்கு வரும், ஆகவே நிரப்புங்கள் என்பார்கள். 2017 இல் இந்த நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கால் பாதிக்கப்பட்டார்கள். ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிடுவது தெளிந்து தேங்கிய சிறிய நீரில். யோகட் கோப்பை, ரயர், பீலி, கொங்கிரீட் தட்டு. மீனும் தவளையும் தும்பியும் வாழும் சதுப்பில் அதற்குப் பெரிய வாழ்வில்லை. நிரப்பிய நிலத்தில் வடிகான் அடைத்துக் குப்பை தேங்கும் இடம்தான் அதற்கு வசதி.

கடல் பக்கம் ஒரு பார்வை. துறைமுக நகரத்துக்காக 269 ஹெக்டேயர் கடலை நிலமாக்கினோம். 2021 மே 20 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பற்றி, ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளைக் கடலில் கொட்டியது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்ட உத்தரவிட்டது. அந்தச் செய்திகள் உலகம் முழுவதும் போயின. சத்தமில்லாமல் நடப்பது வேறு. கடல்மட்டம் உயர்கிறது. கடல் ஒரு சாண் உயர்ந்தால் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் வெளியேறும் தண்ணீருக்கு அவ்வளவு சரிவு குறைகிறது. மாலைதீவுக்கு அது கரையில் நிற்கும் ஆபத்து. நமக்கு அது கரைக்கு உள்ளே மூன்று கிலோமீற்றரில், மாளிகாவத்தைக் கானில் தெரியும் ஆபத்து. சதுப்பின் தேவை வருங்காலத்தில் கூடுமே தவிரக் குறையாது.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. கொழும்புப் பெருநகரில் ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் சதுப்பு இன்னும் மிஞ்சியிருக்கிறது. 2016 இல் முடித்த ஆய்வு, அதுவும் அழிந்தால் வெள்ளச் சேதம் மட்டும் ஆண்டுதோறும் சராசரியாகக் கொழும்பின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு ஒன்று அளவுக்கு வரும் என்று கணக்குக் காட்டியது. 2018 ஒக்டோபரில் டுபாயில், உலகில் முதன்முதலாகச் சதுப்புநில நகரம் என்ற ராம்சார் உடன்படிக்கை அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்றானது. பத்தரமுல்லைப் பக்கம் பெத்தகான, தியசரு பூங்காக்கள் வந்தன. மீன்பிடிப் பூனைகூட அங்கே வாழ்கிறது. மீட்பதற்கென்று 1968 இல் அமைத்த அதே அமைப்புத்தான் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறி இன்று எஞ்சிய சதுப்புகளைக் காக்கும் பொறுப்பையும் சுமக்கிறது. ஒரு நாட்டின் எண்ணம் மாற முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் பூங்காக்கள் எல்லாம் தலைநகரின் வசதியான பக்கத்திலேயே இருப்பதை நான் சொல்லாமல் விட முடியாது. கொலன்னாவை, வெல்லம்பிட்டி, தெமட்டகொடைப் பிள்ளைகளும் கொக்கையும் நீர்க்காகத்தையும் தம் வீட்டுக்கருகே பார்க்க உரிமை உள்ளவர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புவியியல் பிள்ளைகளை ஒரு நாள் நாகலகம் வீதிக்கு அழைத்துப் போங்கள். அளவுகோலைக் காட்டுங்கள். பிறகு களனியின் வடிநில வரைபடத்தை விரித்து, நோர்ட்டன்பிரிட்ஜில் பெய்யும் மழை அங்கே வந்து சேர எத்தனை மணித்தியாலம் ஆகும் என்று கணக்கிடச் சொல்லுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் நீர்மட்டங்களை வெளியிடுகிறது. மழைக்காலத்தில் அதைப் பார்த்து அறிவிப்புப் பலகையில் எழுதும் பொறுப்பை ஒரு வகுப்புக்குக் கொடுங்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலய, விகாரை நிருவாகத்தினருக்கு ஒன்று சொல்கிறேன். வெள்ளம் வந்தால் சோற்றுப் பார்சலோடு முதலில் வருபவர்கள் நீங்கள்தான். டித்வாவின்போதும் இனம் பாராமல் அதைச் செய்தீர்கள். அந்த ஒற்றுமையைத் தண்ணீர் வடிந்த பின்பும் கலைக்காதீர்கள். கொழும்பின் தாழ்நிலங்களை நிரப்ப எழுத்தில் அனுமதி வேண்டும் என்பது சட்டம். இரவில் உங்கள் பகுதியில் மண் லொறிகள் வந்து சதுப்பில் கொட்டினால், நாலு பேராகச் சேர்ந்து போய், அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். இல்லையென்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கும் மாநகர சபைக்கும் பொலிஸுக்கும் அன்றே எழுத்தில் முறையிடுங்கள். முறைப்பாட்டின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.